மண்ணூரில் கை நனைத்தது

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் எல்லாப் பக்கமும் தமிழ் கேட்டது. போர்ட்டர், போலீஸ்காரர், டாக்சிக்காரர் எல்லாரும் தமிழிலேயே சண்டை போட்டார்கள். எங்கள் நாட்டில் பொது இடத்தில் தமிழ் பேசும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். இங்கே தாழ்த்திப் பேசியதில் யாருக்கும் காதில் விழவில்லை. "இன்னா சார், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி பேசுறீங்க?" என்று டாக்சிக்காரர் கேட்டார். என் மகள் வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் மலேசியாவில் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் லாரி ஓட்டுகிறவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. வசந்தி கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போய் அனைத்துலக உறவு படித்துப் பட்டம் வாங்கியவள். அவள் சேர்ந்த புதிதில் தோட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள், அது டாக்டருக்கா, டீச்சருக்கா என்று. நாடும் நாடும் எப்படிப் பழக வேண்டும் என்று படிக்கிற படிப்பு என்று சொல்லி வைத்தேன். எங்கள் கங்காணி, "நமக்குப் பக்கத்து வீட்டோட பழகத் தெரியல. நாட்டோட என்னத்தைப் பழகுறது?" என்றார். பொதுவாகவே எதற்கும் என்னிடம் உடனே பதில் இருக்காது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வரும்.

பயணத்துக்குக் காரணம் முத்து. தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவன், மனைவி ராஜம்மாளோடு இந்தியாவுக்குத் திரும்பி, ஸ்ரீபெரும்புதூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். பக்கத்தில் மண்ணூரில் நம் ஆட்களில் ஒரு நல்ல மாப்பிள்ளை இருக்கிறான், வந்து பார் என்று சொல்லி அனுப்பியிருந்தான். என் மனைவிக்கு உடனே ஆசை வந்துவிட்டது; டிக்கெட் காசு இரண்டு பேருக்குத்தான் இருந்ததால் அவள் வரவில்லை. வசந்தி குறுக்கே நிற்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "பாருங்கப்பா. ஆனா பதிலை ஊருக்கு வந்துதான் சொல்லணும். அங்க வெச்சு வார்த்தை குடுத்துராதீங்க." வெளியுறவு அமைச்சில் வேலைக்கு அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கோ மருமகள் மண்ணூரிலேயே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. வார்த்தை கொடுக்காமல் வருவது எனக்குச் சுலபம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான்தான் பேசவே மாட்டேனே.

டாக்சி பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக் கரை ஓரத்தில் புகை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு கரை ஏறிப் போனார். நாங்களும் பின்னால் ஏறினோம். அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். இந்தப் பக்கம் காய்ந்த புல். எங்கள் ஊரில் தினமும் சாயங்காலம் மழை கொட்டும். தண்ணீரை யாரும் கட்டி வைத்துப் பார்த்ததில்லை. "மெட்ராஸ்காரன் குடிக்கிறதெல்லாம் இதுதான் சார். இப்ப என் வண்டியும் குடிக்குது" என்று ஓட்டுநர் டப்பாவை ரேடியேட்டரில் கவிழ்த்தார்.

முத்து வீட்டில் முதல் வேளை இட்லியும் வடகறியும். இத்தனை மிருதுவான இட்லியை எங்கள் பக்கத்தில் நான் தின்றதில்லை. காப்பி மட்டும் பிடிபடவில்லை. டின் பால் ஊற்றித் தித்திப்பாகக் குடித்துப் பழகிய நாக்கு. முத்து இந்த ஊர்ப் பேச்சுக்கே மாறியிருந்தான். "வூடு சின்னதாத்தான் கீது, கோவிந்தா. மனசு பெருசு" என்றான். ராஜம்மாள் மாறவில்லை; பேச்சுக்குப் பேச்சு எங்கள் ஊர் 'லா' அப்படியே இருந்தது. "சாப்பிடு லா, வசந்தி. இளைச்சுப் போயிட்ட" என்று தட்டில் இன்னும் இரண்டு வைத்தாள். தெருவில் அவளுக்கு 'லா அம்மா' என்றே பெயராம்.

மறுநாள் என் அப்பா பிறந்த மாத்தூரைப் பார்க்கக் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோவில் போகிற பஸ்ஸில் ஏறி ஒரகடத்தில் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் வேர்க்கடலைக் காடும் பனைமரமும். ஊருக்குள் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மலாயாவுக்குப் போன ஏழுமலையின் மகன் நான் என்று சொன்னேன். "மலாயாவா? ரங்கூனுக்குப் போனான், பம்பாய்க்குப் போனான். போனவன் பேரெல்லாம் யாரு வெச்சுக்கினு இருப்பா?" என்று புரண்டு படுத்தார். ஒரு பெண் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மோர் கொடுத்தாள். அப்பாவின் ஊரில் எங்களுக்குக் கிடைத்தது அந்த மோர்தான். அது நல்ல மோர்.

திரும்பும்போது பஸ் இல்லை. செங்கல் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. முன்னால் உட்கார்ந்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. லாரி ஓட்டுநரும் நானும் கியரைப் பற்றிக் கொஞ்ச தூரம் பேசினோம். பிறகு வசந்தி தன் படிப்பைப் பற்றிப் பேசினாள். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது அவள் அதிகம் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை.

முதல் வருஷம் விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாளாம். புத்தகமெல்லாம் இங்கிலீஷ், பாடம் மலாய், அவள் கணக்குப் போடுவது தமிழ். இரண்டாம் வருஷம் ஒரு பொய் மாநாடு. சீட்டு எடுத்து ஆளுக்கு ஒரு நாடு ஆக வேண்டும். அவளுக்குக் கடலே இல்லாத ஒரு நாடு விழுந்தது. பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் விட அனுமதி கேட்க வேண்டும். இவள் எழுந்து நின்று முதல் ஆளாகப் பேசி, எல்லாம் கேட்டு, ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்தாள். விரிவுரையாளர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பேசுறதை எல்லாரும் கேக்கறாங்க. மேசையில யார் எதைத் தொடாம விடறாங்கன்னு நீ பாரு."

"அப்ப நான் நல்லா படிச்சிருப்பேன் போல" என்றேன். "நீங்க பேசாமலே இருந்துட்டு மேசையையும் பார்க்க மாட்டீங்கப்பா. குனிஞ்சு தரையைப் பார்ப்பீங்க" என்றாள். லாரி ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

மண்ணூர் போன நாள்தான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். பெண்ணை அழைத்துப் போகக் கூடாது என்பதால் வசந்தி வீட்டில் இருந்தாள். முத்துவும் நானும் பஸ் ஏறினோம். வழியில் ஒரு நிறுத்தத்தில், "வெத்தலை வாங்கினு வந்துடறேன்" என்று முத்து இறங்கினான். அவன் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் விசில் அடித்தார். ஒரு வார்த்தை சொன்னால் பஸ் நின்றிருக்கும். வாய் வரை வந்தது. முன்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் முத்து ஜன்னலில் சின்னதாகிக் காணாமல் போனான்.

மாப்பிள்ளையின் அப்பா வரதன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கனிந்த மனுஷர். மாப்பிள்ளை குமரேசன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்து, சிவந்த கண்ணோடு எனக்காக முழித்துக்கொண்டிருந்தான். "தூக்கம் வருதான்னு கேக்காதீங்க. லைன்ல நின்னுக்கினே தூங்கிப் பழக்கம்" என்றான். எனக்கு அவனைப் பிடித்தது. குலதெய்வம் எது என்று வரதன் கேட்டார். எங்கள் தோட்டத்தில் முனீஸ்வரன் கோயில் உண்டு, அதைச் சொன்னேன். மழை, ரப்பர், விமானம் என்று அவர் கேட்கக் கேட்க நான் தலையாட்டினேன். முத்து வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. வரதன் என் முன்னால் தலைவாழை இலையைப் போட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கை நனைப்பது என்ற பேச்சைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் மத்தியானம் வந்தவர் சாப்பிடாமல் போனால்தான் சண்டை. முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வடை. ஒவ்வொன்றும் இரண்டாம் முறை வந்தது. மறுக்க வெட்கப்பட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில் பாயசம் வந்தபோது உள்ளே பெண்கள் கூட்டமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரோ சர்க்கரைக் கிண்ணத்தோடு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். கை கழுவ எழுந்தேன். வரதன் தானே செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்.

"நல்லா கழுவுங்க, சம்பந்தி" என்றார்.

அந்த நேரம் பார்த்து முத்து ஓர் இரவல் சைக்கிளில் வியர்வை சொட்ட வந்து இறங்கினான். என் ஈரக் கையைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். முகம் சாம்பலாகிவிட்டது. திரும்பி வரும் வழியில்தான் வாயைத் திறந்தான். "பார்க்க வந்த வூட்ல சோறு துன்னா சம்மதம்னு அர்த்தம்டா. தண்ணி குடி, காப்பி குடி, பஜ்ஜி துன்னு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பாயசம் வரைக்குமா போவ?"

"நீ பஸ்ஸை விட்டு இறங்காம இருந்திருக்கலாம்" என்றேன்.

"நீ ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்" என்றான்.

வசந்தியிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, ஒரு நாட்டை இன்னொரு நாடு ஏத்துக்கிட்டதுன்னு காட்ட எழுதிக் கையெழுத்துப் போடணும்னு இல்ல. கொடி ஏத்தும்போது எழுந்து நின்னாலே போதும்னு படிச்சிருக்கோம். நீங்க எழுந்து நிக்கல, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்க." பிறகு சிரிப்பு நின்றது. கிணற்றடியில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷம் விடுதிச் சோறு தின்று படித்த படிப்பை நான் ஒரு வேளைச் சோற்றில் கரைத்துவிட்டேன் என்று தோன்றியது. ராஜம்மாள் கூப்பிட்டும் அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை நாள் குறிக்க அவர்கள் முத்து வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நான் அங்கே சாப்பிட்டாயிற்று. அவர்கள் இங்கே சாப்பிட வேண்டும். அதோடு சம்பந்தம் முடிவாகிவிடும். அதற்கு மேல் மாற்றினால் முத்துவுக்கு இந்த ஊரில் முகம் இருக்காது. வரதனுக்கு அக்கம்பக்கத்தில் மானக்கேடு. மாற்றாவிட்டால் வசந்தி மண்ணூரில்.

"இன்னும் ஒரு பக்கம்தானே சாப்பிட்டிருக்கு" என்றாள் வசந்தி. "அவங்களுக்கு இலை போடறதுக்கு முன்னால நீங்க ஒரே ஒரு வரி சொல்லணும். 'பழக்கம் தெரியாம சாப்பிட்டுட்டேன், எங்களுக்கு இன்னும் நாள் வேணும்.' நான் சொன்னா மரியாதை இல்ல. நீங்கதான் சொல்லணும்." அந்த வரியை இரண்டு நாள் பாடம் பண்ணினேன். மாட்டுக்குச் சொல்லிப் பார்த்தேன், சைக்கிள் டயருக்குச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

வெள்ளிக்கிழமை வரதன், குமரேசன், வரதனின் அக்கா குப்பம்மாள் மூவரும் தட்டில் பூவும் பழமுமாக வந்தார்கள். அன்றுதான் குப்பம்மாளை முதன்முதலில் பார்த்தேன். திருவள்ளூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், குடும்பத்துக்கு மூத்தவள். "இவருதான் மலேயாக்காரரா? பொம்மை மாதிரி உக்காந்துக்கினு கீறாரே, பேசுவாரா?" என்று தம்பியைக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். 'பழக்கம்' என்ற முதல் வார்த்தையோடு வரி நின்றுவிட்டது. ராஜம்மாள் அதற்குள் இலையைப் போட்டுவிட்டாள். வசந்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ராஜம்மாள் கை வேகமானது. வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் எல்லா இலையிலும் எல்லாம் விழுந்துவிட்டது. என் இலையில் மட்டும் ஓர் இடம் காலி. அங்கே புடலங்காய்க் கூட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் புடலங்காய் ஆகாது. ஏன் என்று தெரியாது. அப்பா தின்னவில்லை, நான் தின்னவில்லை, வசந்தியும் தின்ன மாட்டாள். தோட்டத்தில் இருபது வருஷம் பக்கத்து வீடு என்பதால் ராஜம்மாளுக்கு அது தெரியும்.

வரதன் சாம்பாரை முடித்தார், ரசத்தை முடித்தார். பாயசம் வரப் போகிறது. பரிமாறிக்கொண்டிருந்த வசந்தி திடீரென்று நின்றாள். வரதன் இலையில் கூட்டு ஓர் ஓரமாக ஒதுங்கியிருந்தது. குமரேசன் இலையிலும் அப்படியே. குப்பம்மாள் அதன் மேல் அப்பளத்தை வைத்து மூடியிருந்தாள்.

"கூட்டு நல்லா இல்லையா?" என்று வசந்தி மெதுவாகக் கேட்டாள்.

ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, கோவிந்தனுக்குத்தான் ஆகாது. உங்க எல்லாருக்கும் என்ன லா?"

குப்பம்மாள் கை இலையிலேயே நின்றது. "யாருக்கு ஆகாது?"

"எங்களுக்குத்தான்" என்றேன். கேட்டதும் பட்டென்று வந்துவிட்டது. "எங்க அப்பா காலத்துல இருந்து ஆகாது."

"உங்கப்பா பேரு இன்னா?"

"ஏழுமலை."

"எந்த ஊரு?"

"ஒரகடத்துக்குப் பக்கம், மாத்தூர்."

குப்பம்மாள் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். "டேய் வரதா! எங்கப்பாவோட பெரியப்பா மவன் ஏழுமலை, அம்மாகிட்ட கோவிச்சுக்கினு கப்பலேறிப் பூட்டான்னு சொல்வாரே! அவரு புள்ளைடா இவரு! நம்ம தாத்தா மண்ணூருக்குக் குடி வரதுக்கு முன்ன எல்லாரும் மாத்தூர்தானே?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா பாம்புப் புத்துக்குப் பால் ஊத்துவாரா?"

ஊற்றுவார். தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஒரு புற்று இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். முனீஸ்வரன் கோயிலுக்கு ஊரே போகும். புற்றுக்கு அவர் ஒருவர்தான் போவார்.

"நாகாத்தாளும்மா நமக்குக் கொலதெய்வம்" என்று குப்பம்மாள் வசந்தியிடம் சொன்னாள். "தொட்டில் கொழந்தை பக்கத்துல பாம்பு படுத்துக்கினு இருந்துச்சாம், ஒண்ணும் பண்ணலியாம். அதுலேருந்து பாம்பு மாதிரி நீட்டமா கீற காய நம்ம வகையறாவுல அறுக்க மாட்டோம்." சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவிங்களா! அண்ணனுக்கும் தங்கச்சிக்குமாடா நாள் குறிக்க வந்தீங்க?"

முதலில் சிரித்தது குமரேசன். "அத்தே, நல்ல வேளை, நான் போட்டோ கூடக் கேக்கல" என்றான். வரதன் என்னைப் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் கொஞ்சம், வேறு ஏதோ கொஞ்சம். "சம்பந்தி பூட்டான், பங்காளி வந்தான்" என்று சொல்லி என் தோளைப் பிடித்தார். முத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பேசி முடித்த சம்பந்தத்தை யாரும் முறிக்கவில்லை. இல்லாத சம்பந்தத்தை யாரால் முறிக்க முடியும்? வசந்தி பாயசப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர். உதடு சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, பாயசம்" என்று குமரேசனின் டம்ளரில் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் சுற்றுலா வந்தவர்கள் மாதிரி இல்லை. குப்பம்மாள் எங்களை மாத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாகாத்தம்மன் என்பது ஒரு வேப்பமரம், ஒரு புற்று, ஒரு மஞ்சள் துணி. நாங்கள் முதல் தடவை மோர் குடித்த வீட்டுக்கு நேர் பின்னால் இருந்தது. கயிற்றுக் கட்டில்காரர் இப்போது எழுந்து உட்கார்ந்து, "ஏழுமலை புள்ளையா? அதை அன்னிக்கே சொல்றதில்ல?" என்றார். சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. பால் ஊற்றும்போது அப்பாவின் கை ஞாபகம் வந்தது.

மண்ணூரில் மறுபடி சாப்பிட்டோம். இந்தத் தடவை வசந்தியும் வந்தாள். ஒவ்வொன்றையும் நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "இப்பதான் மனுஷன் சாப்பிடற மாதிரி சாப்பிடறாரு" என்று குப்பம்மாள் சொன்னாள். குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களோடு வேலை என்றால் ஓவர்டைம் உண்டா என்று தங்கச்சியை விசாரித்துக்கொண்டிருந்தான். "வேலை கிடைச்சா கேட்டுச் சொல்றேண்ணே" என்றாள். பிறகு கிடைத்தது. ஓவர்டைம் இல்லையாம்.

திரும்பும்போது அதே பஸ், அதே நிறுத்தம். "வெத்தலை வாங்கினு வந்துடறேன்" என்று முத்து இறங்கினான். வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். முத்து கடையில் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருந்தான். பஸ் அசைந்தது.

"நிறுத்துப்பா! எங்க ஆள் கீழ இருக்கான்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்த வேகத்தில் ஒரு கூடை கத்திரிக்காய் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. முத்து ஓடி வந்து படியில் தொற்றிக்கொண்டு, யார் கத்தியது என்று உள்ளே தேடினான். நான் தரையைப் பார்க்கவில்லை. குனிந்து கத்திரிக்காய்களைப் பொறுக்கிக் கூடைக்காரியிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.